புளி தாங்கும் கல்

கிரானைட் கடைக்குப் போனால் முதலில் வெளியே வருவது விற்பவரின் வண்டிச் சாவி. பளபளவென்று நிற்கும் பலகையின்மேல் அதை அழுத்தி இழுத்துக் காட்டுவார். "பாருங்கக்கா, ஒரு கோடு விழுந்துச்சா? ஆயுசுக்கும் இப்படியேதான் இருக்கும்." வீடு கட்டும் அலைச்சலில் இருப்பவர்களுக்கு இது போதும். மனம் நிறைந்து முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.

சாவி சொல்வது பொய்யில்லை. எது எதைக் கீறும் என்பதை வைத்துக் கனிமங்களைப் பத்துப் படிகளில் வரிசைப்படுத்தினார் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர். 1812-இல் அவர் வகுத்த அளவைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. டால்க் 1, வைரம் 10. பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இருக்கும் கால்சைட் 3. கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சாதாரண எஃகுக் கத்தி ஐந்தரையைச் சுற்றி நிற்கும். ஆகவே சாவியால் கிரானைட்டைக் கீற முடியாது. கிரானைட்தான் சாவியைத் தேய்க்கும். கடைக்காரர் இழுத்த இடத்தை உற்றுப் பார்த்தால் மெல்லிய உலோகத் தடம் தெரியும், விரலால் துடைத்தால் போய்விடும்.

ஆனால் சமையல் மேடையின்மேல் நேராகக் கத்தி வைத்து நறுக்குபவர்கள் எத்தனை பேர்? அரிவாள்மணை இருக்கிறது, காய் வெட்டும் பலகை இருக்கிறது. மேடைக்கு வரும் கேடெல்லாம் சிந்திய புளித்தண்ணீரிலிருந்து, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடியிலிருந்து, மஞ்சள் கலந்த எண்ணெயிலிருந்து, அடுப்பிலிருந்து அவசரமாக இறக்கி வைத்த வாணலியிலிருந்து வருகிறது. கடையில் நடப்பது கடினத்தன்மைச் சோதனை. வீட்டில் நடப்பதோ வேதியியல். கடைக்குப் போகும்போது பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருப்பது நல்லது.

அந்த எலுமிச்சையை முதலில் கடப்பா கல்லில் வைத்துப் பார்ப்போம். ஆந்திரத்தின் கடப்பா, கர்நூல் பகுதிகளிலிருந்து வரும் இந்தக் கறுப்புப் பலகைகள் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளின் சமையலறைகளை வெகுகாலம் ஆண்டன. மேடைக்கும் அதுதான், அலமாரித் தட்டுக்கும் அதுதான். மலிவு, இயற்கையாகவே அடுக்கடுக்காகப் பிளந்து பலகையாக வரும் கல், எண்ணெய் தடவினால் கருகருவென்று மின்னும். கறுப்பாக இருந்தாலும் அது சுண்ணாம்புக் கல். கால்சியம் கார்பனேட்தான் அதன் உடல். ஏதோ ஒரு பழங்கடலின் அடியில் படிந்த சேறு இறுகிக் கல்லானது. அமிலம் பட்டால் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடாகவும் உப்பாகவும் பிரியும். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். பழங்களில் புளியளவுக்கு டார்டாரிக் அமிலம் சேர்த்து வைத்திருப்பவை மிகக் குறைவு.

மெருகேற்றிய கடப்பா பலகையில் அரை மூடி எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்து, கால் மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்துவிட்டு, தலையைச் சாய்த்து விளக்கு வெளிச்சம் படும் கோணத்தில் பாருங்கள். மூடியின் விளிம்பளவுக்கு ஒரு சாம்பல் நிற வட்டம் இருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது கறையே இல்லை. மெருகு என்பது மேற்பரப்பின் மேடுபள்ளங்களை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாக்கும் வேலை. அப்போதுதான் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பும், கல் கண்ணாடிபோலப் பளிச்சிடும். அமிலம் கால்சைட் மணிகளை அங்குமிங்கும் கடித்துவிட்டால் பரப்பு சொரசொரப்பாகி ஒளி நாலா பக்கமும் சிதறும். அந்தச் சிதறலைத்தான் வெளுப்பாகப் பார்க்கிறோம். தேங்காய் எண்ணெய் தடவியதும் வட்டம் மறைவது, எண்ணெய் பள்ளங்களை நிரப்பிப் பரப்பைத் தற்காலிகமாகச் சமன் செய்வதால். எண்ணெய் போனதும் வட்டம் திரும்ப வரும். வெள்ளைப் பளிங்குக்கும் இதே கதிதான். ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்த உயர்தரப் பளிங்காக இருந்தாலும் ரசத்துக்கு முன்னால் அதன் பெருமை எடுபடாது. பளிங்கு மேடை வேண்டும் என்று கேட்கும் நண்பர்களிடம், பூஜை அறையில் போடுங்கள் என்பேன்.

அடுத்து கறுப்பு கிரானைட். விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம் பக்கத்தில் குன்னம் என்ற ஊர் இருக்கிறது. கல் வியாபாரத்தில் அந்தப் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். 'குன்னம் பிளாக்' ஐரோப்பாவில் கல்லறைப் பலகையாகவும் நிற்கிறது. புவியியலாளரிடம் காட்டினால் இது கிரானைட்டே இல்லை, டாலரைட் என்பார். உண்மையான கிரானைட் பூமியின் ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து உறைந்தது, அதனால் மணிகள் பெரிதாக, வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்புமாகத் தனித்தனியே தெரியும். டாலரைட் வேறு விதம். பழைய பாறையில் விழுந்த வெடிப்புகளுக்குள் கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி, சுவர்போல நின்று, சற்று வேகமாகவே ஆறி இறுகியது. இது நடந்தது நூறு கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்னால். வேகமாக ஆறியதால் மணிகள் பொடி. கரும்பச்சை பைராக்சீனும் சாம்பல் ஃபெல்ஸ்பாரும் நெருங்கிப் பின்னிக் கிடக்கும், இடையில் துளைகள் அநேகமாக இல்லை. கார்பனேட்டும் இல்லை. அதனால் எலுமிச்சையை இரவு முழுக்க வைத்தாலும் காலையில் தடம் இருக்காது. கடினத்தில் கிரானைட்டுக்கு ஒரு படி குறைவாக இருந்தும் சமையலறையில் இது அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

பேச்சு பாறைப் பெயருக்கு வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கும் நீலச்சாயல் கொண்ட கருங்கல்லுக்கு உலகப் புவியியல் வைத்திருக்கும் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த வகைக் கல். அதை வைத்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1890-களில் இந்தப் பெயரைச் சூட்டினார். சென்னை வீடுகளின் கான்கிரீட்டில் ஜல்லியாகக் கிடப்பதில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்துக் கல்தான். அதுவும் புளிக்கு அசையாது. அம்மியாக இருந்து மிளகாயும் புளியும் அரைபட்டுத் தேய்ந்த கற்களெல்லாம் இப்படிப்பட்ட சிலிகேட் பாறைகள்தாம்.

வெளிர் நிறக் கற்களில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'காஷ்மீர் ஒயிட்' என்று ஒன்று விற்கிறார்களே, அது காஷ்மீரைப் பார்த்ததே இல்லை. மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் வெட்டியெடுத்தது. வெள்ளைப் பரப்பில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவை கார்னெட் மணிகள். அழகான கல். ஆனால் மணிகளுக்கிடையில் முடிபோன்ற இடைவெளிகள் உண்டு, அவற்றின் வழியே நீரும் எண்ணெயும் இறங்கும். உள்ளே இருக்கும் இரும்புத் தாதுக்களுக்கு ஈரம் தொடர்ந்து கிடைத்தால் துருப்பிடித்து மஞ்சள் படரும். நம் ஊர் வழக்கப்படி பலகையைச் சிமென்ட் கலவையில் பதிக்கும்போது ஈரம் கீழிருந்தும் ஏறுகிறது. புது மேடையில் ஆறே மாதத்தில் திட்டுத் திட்டாகக் கறை வந்துவிட்டது என்று கல் கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் பலருக்குக் கறை மேலிருந்து வரவில்லை என்பது தெரியாது.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க நாலு சொட்டுத் தண்ணீர் போதும். பலகையின்மேல் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் கல் குடிக்கிற கல். வாங்கக் கூடாது என்றில்லை. சிலேன் வகை சீலர் தடவி, வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவிக்கொண்டிருந்தால் சமாளிக்கலாம். சீலர் மேலே படலமாக நிற்பதில்லை, துளைகளின் சுவர்களில் ஒட்டி நீரை விலக்கும். கறுப்புக் கல்லுக்கு வேறு சோதனை. மட்டமான சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பென்று விற்பதும் நடக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் கடையை விட்டு நடையைக் கட்டலாம்.

வெளிர் மேடையின் பெரிய எதிரி மஞ்சள். அதன் நிறமியான குர்க்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் சுகமாகக் கரையும். தாளித்த எண்ணெயோடு சேர்ந்து கல்லின் துளைக்குள் இறங்கிவிட்டால் ஈரத்துணியால் ஒன்றும் செய்ய முடியாது. சோப்பைப் போட்டதும் மஞ்சள் சிவப்பாவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். காரம் பட்டால் குர்க்குமின் நிறம் மாறும், அவ்வளவுதான். ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு கலப்பதும் இதே வினை. குர்க்குமினுக்கு வெயில் ஆகாது. மஞ்சள் பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டால் கறை மங்குவது அதனால்தான். மேடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக முடியாதே! ஹைட்ரஜன் பெராக்சைடில் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு இரவு விட்டால் நிறமி பெரும்பாலும் சிதைந்துவிடும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றுதான் இப்போது பலர் 'குவார்ட்ஸ்' பக்கம் போகிறார்கள். இது சுரங்கத்தில் வெட்டிய கல் இல்லை. உடைத்த குவார்ட்ஸ் துகள்களோடு பாலியெஸ்டர் ரெசினும் நிறமியும் கலந்து, வெற்றிடத்தில் அதிரவைத்து அழுத்தி, சூடாக்கி இறுக்கிய பலகை. இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய இயந்திர முறை இது. எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் குவார்ட்ஸ், மிச்சம் ரெசின். துளை இல்லை, அமிலத்துக்கு அஞ்சாது, மஞ்சளையும் உடனே துடைத்தால் விட்டுவிடும். சீலர் தேவையில்லை. விற்பனையாளர் இவ்வளவும் சொல்வார், எல்லாம் நிஜம்.

அவர் விட்டுவிடுவது அந்த மிச்சம் பத்து விழுக்காட்டை. ரெசின் ஒரு பிளாஸ்டிக். 150 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பழுப்பேறத் தொடங்கும். சூட்டில் ரெசின் விரிவது குவார்ட்ஸ் விரிவதைப்போலப் பல மடங்கு, ஆகவே ஒரே இடத்தில் திடீர்ச் சூடு விழுந்தால் விரிசலும் வரலாம். நம் சமையலின் கணக்கைப் பாருங்கள். குக்கரின் உள்ளே சுமார் 120 டிகிரி. வடை சுடும் எண்ணெய் 180 டிகிரி. தோசைக்கல் 200-ஐத் தாண்டும். வடைச் சட்டியைப் பிரிமணை இல்லாமல் குவார்ட்ஸ்மேல் இறக்கினால் வட்டமாக ஒரு பழுப்புத் தழும்பு மிஞ்சும், அதற்குப் பரிகாரம் இல்லை. வெயில் நேராக விழும் ஜன்னலோர மேடையிலும் வெள்ளைக் குவார்ட்ஸ் நாளடைவில் மஞ்சளிக்கும். டாலரைட்டுக்கு இந்தச் சூடெல்லாம் பொருட்டே இல்லை, அது பிறந்ததே ஆயிரம் டிகிரிக்கு மேல்.

குவார்ட்ஸ் விஷயத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. பலகையை வெட்டும்போது கிளம்பும் தூசியில் பெரும்பங்கு தனி சிலிக்கா. சில மைக்ரான் அளவுள்ள துகள்கள் மூச்சோடு நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை போகும். அவற்றை விழுங்கும் காவல் செல்களால் செரிக்க முடியாது. செல் செத்து, துகள் வெளிவந்து, இன்னொரு செல் விழுங்கி, அதுவும் செத்து, அந்த இடம் தழும்பாக இறுகும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய்க்கு மருந்தில்லை. குஜராத்தின் காம்பத்தில் அகேட் கல் பட்டை தீட்டுபவர்கள் தலைமுறைகளாக இதற்குப் பலியானவர்கள். செயற்கைக் கல் வந்த பிறகு இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் கல் வெட்டும் இளம் வயதுத் தொழிலாளர்களுக்கு இது பரவலாக வந்தது. 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா செயற்கைக் கல் பலகைகளையே தடை செய்துவிட்டது. அப்படிச் செய்த முதல் நாடு அது. இயற்கைக் கிரானைட்டிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குவார்ட்ஸ் இருக்கிறது. டாலரைட்டில் மிகக் குறைவு. எந்தக் கல்லானாலும் வீட்டு வாசலில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு காய்ந்த கல்லை அறுக்கும் ஆளைப் பார்த்தால், ஒரு குழாயை இழுத்துவந்து பிளேடு படும் இடத்தில் தண்ணீர் விடச் சொல்லுங்கள், நல்ல முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். ஈரத்தில் தூசி சேறாகி அங்கேயே விழுந்துவிடும். கிரானைட்டிலிருந்து கதிர்வீச்சு வருமே என்று சிலர் கேட்கிறார்கள். வருகிறது, நுண்ணிய அளவில். ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி சிங்க். ஒரு காலத்தில் மொசைக் சிங்க் இருந்தது. சிமென்ட்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்து மெருகேற்றியது, கை தவறினால் கண்ணாடி டம்ளர் சுக்குநூறு. சிமென்ட், பளிங்கு இரண்டுமே அமிலத்துக்குக் கரையும் என்பதால் வருடங்கள் போகப்போகச் சொரசொரத்து அழுக்குப் பிடித்தது. அந்த இடத்தை எவர்சில்வர் பிடித்ததில் வியப்பில்லை.

எவர்சில்வரின் கதையிலும் எலுமிச்சை வருகிறது. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்ந்துபோகாமலிருக்க ஒரு எஃகு தேடிக்கொண்டிருந்தார். சுமார் 13 விழுக்காடு குரோமியம் சேர்த்த ஒரு வார்ப்பை நுண்ணோக்கியில் பார்க்க, வழக்கம்போல அமிலத்தால் அரிக்க முயன்றார். அது அரிபட மறுத்தது. வினிகர், எலுமிச்சைச் சாறு என்று சாப்பாட்டு அமிலங்களையும் ஊற்றிப் பார்த்தார். மேசைக்கத்தி ஊரான ஷெஃபீல்டுக்காரருக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்தது. இன்று சிங்க்குக்கு ஆகும் நிக்கல் சேர்த்த வகையை அதே காலத்தில் ஜெர்மனியின் குருப் ஆலையில் உருவாக்கினார்கள்.

துருப்பிடிக்காமைக்குக் காரணம் குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் ஆக்சைடு படலம். தடிமன் சில நானோமீட்டர்தான். கீறினால், பாலில் ஆடையை எடுத்ததும் மறுபடி படிவதுபோல, படலம் உடனே மீண்டும் உருவாகும். ஆனால் குளோரைடு அதைத் துளைக்கும். கல் உப்பு ஈரத்தோடு ஒரே இடத்தில் கிடந்தால் ஊசிமுனைப் பள்ளங்கள் விழும். உவர்ப்பான போர் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் காய்ந்தாலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் மோசம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் தரையில் ஒட்டிய சிமென்ட்டைப் போக்க மேஸ்திரி 'ஆசிட்' ஊற்றிக் கழுவுவார். அதன் ஆவி பட்டே புது சிங்க் மங்கிப் புள்ளி விழும். அன்றைக்கு சிங்க்கை மூடி வைத்து, ஜன்னலைத் திறந்துவிடுவது உத்தமம். இரும்புத் தோசைக்கல்லை இரவில் சிங்க்கில் போட்டு வைத்தால் காலையில் தெரியும் பழுப்பு, தோசைக்கல்லின் துரு. சிங்க் துருப்பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அன்றே தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

வாங்கும்போது எல்லோரும் காந்தத்தோடு போகிறார்கள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் 304 தரம் என்று நம்பிக்கை. 304-இல் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 தரமும் காந்தத்தில் ஒட்டாது. ஆக, காந்தம் கழித்துக் கட்டுவது நிக்கலே இல்லாத 430 போன்ற வகைகளை மட்டும். இன்னொரு வேடிக்கை: நல்ல 304 சிங்க்கின் வளைந்த மூலையில் காந்தம் லேசாக ஒட்டும். தகட்டை அச்சில் அழுத்தி ஆழமாக இழுக்கும்போது அங்கே எஃகின் படிக அமைப்பில் ஒரு பகுதி காந்தத்தன்மையுள்ளதாக மாறிவிடுகிறது. மூலையில் ஒட்டியதைப் பார்த்து நல்ல சிங்க்கைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. தரம் அறிய முத்திரையையும் ரசீதில் எழுதி வாங்கும் எண்ணையும்தான் நம்ப வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடென்றால் மாலிப்டினம் கலந்த 316 இன்னும் தாங்கும், கிடைப்பதுதான் அரிது. தகட்டின் கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், இட்லிக் குண்டானைத் தேய்க்கும் வீட்டுக்கு அது வேண்டும். அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் தண்ணீர் விழும் சத்தம் குறையும்.

குவார்ட்ஸ் துகளை அக்ரிலிக்கில் இறுக்கிய கறுப்பு சிங்க்குகள் இப்போது நாகரிகம். பார்க்க நன்றாக இருக்கின்றன. கடின நீர் ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். நீர் ஆவியானதும் அதில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், கார்பனேட்டாகப் படியும். எவர்சில்வரில் கண்ணுக்குப் படாத அந்த வெள்ளை, கறுப்பில் பளிச்சென்று தெரியும். எலுமிச்சை மூடியால் தேய்த்தால் கரையும், கடப்பாவைக் கரைத்த அதே வினை. ஆனால் தினம் தேய்க்க வேண்டும்.

சரி, எதைத்தான் போடுவது? தமிழ்நாட்டுச் சமையல் தினமும் நடக்கிற வீட்டுக்கு என் தேர்வு: சாயமேற்றாத கறுப்பு டாலரைட் மேடை, 304 தரத்தில் 18 கேஜ் சிங்க். கடப்பாவை அலமாரித் தட்டுக்கும் மேடைக்கு அடியில் தாங்கு பலகைக்கும் வைத்துக்கொள்ளலாம், அங்கே அதற்கு இணை இல்லை.

எந்தக் கல்லானாலும் அது உடைவது சிங்க்குக்கு வெட்டிய ஓட்டையின் ஓரத்தில்தான். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைப்பதைத் தாங்காது. வளைக்கும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது, அந்த இழுவிசைக்குக் கல்லின் பலம் அழுத்தத்துக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. லாரியிலிருந்து பலகையை எப்போதும் செங்குத்தாக நிறுத்தியே இறக்குவது இதனால்தான். சிங்க் ஓட்டைக்கு முன்னும் பின்னும் மிஞ்சும் கல் நாலு விரல் அகலம்தான் இருக்கும். மூலையைச் சதுரமாக வெட்டி, பிளேடு ஒரு அங்குலம் தாண்டி ஓடியிருந்தால் விசையெல்லாம் அந்தக் கீற்றின் நுனியில் குவியும், விரிசல் அங்கே தொடங்கும். நாலு மூலையிலும் முதலில் துளை போட்டு, பிறகு துளையிலிருந்து துளைக்கு வெட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், இருபது வருஷமா இப்படித்தான் வெட்டுறேன்" என்பார். பரவாயில்லை, துளை போடுங்கண்ணே என்று நின்றுவிட வேண்டும்.

அவர் இருக்கும்போதே மேடையின் முன்விளிம்புக்கு அடியில், ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி, நீளமாக ஒரு காடி இழுத்து வாங்குங்கள். சிந்திய நீர் கல்லோடு ஒட்டிக்கொண்டே விளிம்பைச் சுற்றி அடிப்பக்கம் தவழ்ந்து போகும், கீழே இருக்கும் பிளைவுட் கதவு ஊறுவது அப்படித்தான். காடியைத் தாண்ட நீரால் முடியாது, அங்கேயே திரண்டு சொட்டிவிடும். கட்டிங் மெஷினுக்கு ஐந்து நிமிட வேலை. மேடையைப் பதித்த பிறகு செய்ய முடியாது.